ஊசிப்போகும்வரை காத்திருந்த வீடு

வெளியில் அவளை மீட்டரம்மா என்பார்கள். வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் படிப்பது அவள் வேலை. மூடியைத் தூக்குவாள், குந்துவாள், டார்ச் அடித்து எண்ணைப் பார்ப்பாள், கையிலுள்ள கருவியில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள். மீட்டர் பெட்டியை யாரும் முன்வாசலில் வைப்பதில்லை. பக்கத்துச் சந்தில், துணிக்கொடிக்குக் கீழே, குப்பைத் தொட்டியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் எந்த வீட்டு முன்னறையில் என்ன சோபா கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. எந்த வீட்டில் என்ன கொட்டுகிறார்கள் என்பது தெரியும். பிரிக்காத ரொட்டி, முழுசாக அழுகிய பழம், மூடியோடு தூக்கிப்போட்ட டப்பா. எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரிதான் நாறும் என்பதால் அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. வாயைத் திறக்க வேண்டி வந்தது சொந்த வீட்டு விஷயத்தில்தான்.

அந்த வீட்டில் மாமியார் ஒருத்தி, மகன்கள் இருவர், மருமகள்கள் இருவர். மீட்டரம்மா இளையவள். அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் குழந்தை. இவள் விடிந்ததும் கிளம்பிப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த மருமகள். இவளுக்கு ஓரகத்தி, வாய்க்கு அக்கா. அந்த அக்கா இல்லாவிட்டால் இவளுக்கு வேலை இல்லை. கணவன் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றுகிறவன். காலையில் போனால் கிரீஸோடுதான் திரும்புவான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் மீட்டர் படிக்க முடியாது. ஆகவே அந்தக் கூட்டுக் குடித்தனம் அவளுக்குப் பாசம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட.

சமையல் வாரத்துக்கு ஒருத்தி என்று முறை. சட்டம் மாமியாருடையது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் பாத்திரத்தின் அடி தெரியக் கூடாது. இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தாலும் போட இருக்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. யாரையும் "சாப்பிடுறீங்களா, எவ்வளவு வேணும்" என்று கேட்கக் கூடாது. கேட்பது ஓட்டல்காரன் வேலை. வீட்டுப் பெண் பேசாமல் போட வேண்டும்.

போட்டு மிஞ்சியது டப்பாவுக்குள் போகும். டப்பா ஃப்ரிட்ஜுக்குள் போகும். நாளைக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் எல்லாரும் வைப்பார்கள். சொல்லும்போது பொய்யாகச் சொல்வதில்லை. ஆனால் நாளைக்கும் சட்டி நிறையப் புதிதாக வெந்துவிடும். சூடான சோற்றை விட்டுவிட்டுக் குளிர்ந்த டப்பாவை யார் தொடுவார்கள்? முதல் நாள் கண்ணுக்கு நேராக இருந்த டப்பா மறுநாள் ஓரத்துக்கு நகரும், பிறகு பின்னால் போகும், அப்புறம் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கும். நல்ல சோற்றைக் கொட்டுவது பாவம், கெட்ட சோற்றைக் கொட்டுவது சுத்தம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜின் உத்தியோகம். கரண்ட் செலவு செய்து, குளிரவைத்து, மனசாட்சிக்கு நோகாமல் அது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கெட்டதையும் பகிரங்கமாகக் கொட்ட முடியாது. கொட்டினால் மாமியார் கேட்பாள்: "யாரு வாரத்துச் சாப்பாடு அது? ஒருத்தர் வாயிலயும் இறங்கலையா?" அதனால் மீட்டரம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, வேலைப் பையில் டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள். திருடன்கூட அவ்வளவு பதுங்கி நடக்கமாட்டான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அப்படிப் போனபோது தொட்டியருகே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிப்பை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா?"

ஓரகத்தி பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நீயா! நான்... பஸ்ஸுக்கு வந்தேன்."

"எந்த பஸ்ஸு?"

"ஏதோ ஒரு பஸ்ஸு. உனக்கென்ன?"

"குளியலறைச் செருப்போடயா பஸ்ஸுக்கு வந்தீங்க?"

ஓரகத்தி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "சரி, நீ எதுக்கு இங்க வந்த? இன்னைக்கு லீவுதான?"

"குப்பைத் தொட்டிக்கும் மீட்டர் வெச்சுட்டாங்களான்னு பாக்க வந்தேன்."

அதற்குமேல் இருவராலும் அடக்க முடியவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உன் பையில என்ன?"

"மீன். உங்க வாரத்துது. அத்தை கண்ணுல பட்டா உங்களைப் பிடிச்சுக்குவாங்களேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"அடிப் பாவி. என் பையில பருப்பு. உன் வாரத்துது. நான் உனக்காகத்தான் தூக்கிட்டு வந்தேன்."

கொட்டிவிட்டு இருவரும் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மீட்டரம்மாதான் தொடங்கினாள்.

"கொஞ்சமா சமைப்போம் அக்கா. ஆளைக் கேட்டு அளந்து போடுவோம்."

"அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"சொல்லு. நான் உன் பின்னாலயே நிக்கிறேன்."

எவ்வளவு பின்னால் என்று அவள் அப்போது கேட்டுவைத்திருக்கலாம்.

சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் விழுந்துவிட்டாள். வாந்தி, வயிற்றுப்போக்கு. வயதானவர்களுக்கு வயிற்றால் போனால் உடம்பில் தண்ணீர் வற்றுவதற்கு அதிக நேரம் ஆகாது. நாக்கு உலர்ந்து, கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு மாமியார் பேச்சை மாற்றினாள். இரண்டாம் முறை அதட்டிக் கேட்ட பிறகுதான் வந்தது. ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் இருந்த கோழிக்கறி. எப்போது வைத்தது என்று தெரியாது. வீணாகப் போகிறதே என்று எடுத்து, சூடுகூடப் பண்ணாமல் நின்றுகொண்டே தின்றிருக்கிறாள்.

கறி மீட்டரம்மாவின் வாரத்துக் கறி. வழக்கு முடிந்தது.

"அம்மாவுக்குப் பழசைப் போட்டியா?" என்றான் கணவன், ஆஸ்பத்திரி நடைபாதையில்.

"நான் போடலை. அவங்களா எடுத்துச் சாப்பிட்டாங்க."

"பழசு எதுக்கு வீட்டுல இருந்துச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு இருந்துச்சு?"

"எதிர்க்கேள்வி கேக்காத."

"நேர்க்கேள்விக்கே பதில் இல்ல. எதிர்க்கேள்வி கேட்டா என்ன?"

மாமியார் வீடு திரும்பிய அன்று சமையலறை வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள். குரலில் பலமில்லை, சொல்லில் இருந்தது. "எனக்கு இவ கைச் சாப்பாடு இனிமே ஆகாது. தனியாப் போகட்டும். வீடு பாத்துக்கச் சொல்லு." பேச்சு மகனைப் பார்த்து, குறி மருமகள் மேல்.

மீட்டரம்மா ஓரகத்தியைப் பார்த்தாள். தொட்டி, பெஞ்சு, மீன், பருப்பு எல்லாம் தெரிந்த ஒரே ஆள். அவள் தரைக் கல்லின் கோட்டைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நிற்கிறேன் என்றவள் அன்று தெருக்கோடியில் நின்றாள் போலிருந்தது.

"அத்தை," என்றாள் மீட்டரம்மா. "நான் எங்கயும் போக மாட்டேன். என் குழந்தை இங்க வளருது, நான் இங்கருந்து வேலைக்குப் போறேன். என் கைச் சாப்பாடு வேண்டாம்னா விடுங்க. அடுப்பு தனியா வெச்சுக்கறேன்."

"எங்க வெப்ப?"

"பின்னால துணி துவைக்கிற மேடையில."

"அங்க மழை அடிக்கும்."

"குடை பிடிச்சுக்கறேன்."

மறுநாளே ஒற்றை அடுப்பு ஒன்று துவைக்கும் மேடைக்கு வந்தது. மேலே தகரத் துண்டு ஒன்றைக் கட்டினாள். ஒரு சின்னப் பாத்திரம், ஒரு வாணலி, ஒரு கரண்டி. டப்பா ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை வைக்க இடம் இருந்தால் மிச்சம் தானாக வரும் என்பது அவள் எண்ணம்.

முதல் மாலை கணவன் முன்னால் நின்று கேட்டாள். "பசிக்குதா? எவ்வளவு சாப்பிடுவ?"

அவன் முகம் கோணிவிட்டது. "பொண்டாட்டி கேக்கற கேள்வியாடி இது?"

"வேற யாரு கேப்பா? பக்கத்து வீட்டுக்காரியா? சொல்லு."

உள்ளே தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற வீறாப்பில் அவன் இரண்டு கையையும் விரித்து ஒரு குன்று காட்டினான். அவள் குன்றளவே வடித்துத் தட்டில் போட்டாள். பாதிக்குமேல் அவனால் முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. நீ சொன்ன அளவுதான்."

"கண்ணுக்குக் கம்மியாத் தெரிஞ்சுது."

"கண்ணுக்கு வயிறு கிடையாது. நாளைக்கு வயித்தைக் கேட்டுட்டு வந்து சொல்லு."

அடுத்த நாள் ஒரு கை காட்டினான். அதற்கடுத்து, மதியம் பணிமனையில் டீயும் வடையும் தின்றுவிட்டதால் இன்றைக்குப் பாதி போதும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தான். இத்தனை நாள் அவன் பசிக்காமலே தின்றுகொண்டிருந்தான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனை யாரும் விட்டதில்லை. சொன்னால் சமைத்தவள் முகம் வாடும் என்று சின்ன வயதிலேயே படித்துவிட்டான்.

உள்ளே மாமியாரின் வாய் ஓயவில்லை. "என்ன, ஆஸ்பத்திரிக் கஞ்சி ஊத்துறாளா என் பிள்ளைக்கு? கரண்டியால சட்டியச் சுரண்டுற சத்தம் தெரு வரைக்கும் கேக்குது. மானம் போகுது."

மீட்டரம்மா வேண்டுமென்றே இன்னும் நன்றாகச் சுரண்டினாள்.

பெரிய சமையலறையில் ஆள் குறைந்தது, அளவு குறையவில்லை. ஓரகத்தி எல்லா நாளும் அதே பெரிய சட்டி நிறையச் சமைக்க, டப்பா அடுக்கு வளர்ந்தது. ஆஸ்பத்திரி போய் வந்த பிறகு மாமியார் அதைத் தொடவில்லை. ஆனால் குறைத்துச் சமை என்றும் சொல்லவில்லை. சொன்னால் இளையவள் ஜெயித்ததாகிவிடும். அதற்குப் பதில் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். வரும் மாதத்திலிருந்து மூத்தவள் அந்தக் குழந்தையைப் பார்க்கக் கூடாது. தனி அடுப்பு என்றால் எல்லாம் தனி.

ஓரகத்தி அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தாள்.

மீட்டரம்மா இரண்டு இடத்தில் குழந்தைக் காப்பகம் விசாரித்தாள். இரண்டும் அவள் வேலைக்குக் கிளம்பி வெகு நேரம் கழித்துத்தான் கதவு திறக்கும். வேலையை விட்டுவிடேன் என்று கணவன் மெதுவாகச் சொன்னான். "விடமாட்டேன்" என்றாள். "ஒரு டப்பாக் கறிக்கு நான் என் வேலையக் கொடுக்கணுமா? கேக்கறவங்க சிரிப்பாங்க." அடுப்பை உள்ளே கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

மாதம் முடிய இருந்த ஒரு விடுமுறை நாளில், மதியத்துக்கு இன்னும் உலை வைக்காத நேரத்தில், வாசலில் மணி அடித்தது. மறைந்த மாமனாரின் அக்கா வந்திருந்தாள். மருமகள்களுக்குப் பெரியம்மா, மாமியாருக்கு அண்ணி. ஒல்லியான கிழவி, கையில் பிரம்பு, வருவதைச் சொல்லிவிட்டு வரும் பழக்கம் கிடையாது.

மாமியாரின் முகத்தில் விளக்கு எரிந்தது. இத்தனை டப்பாவும் யாருக்காகக் காத்திருந்ததோ அந்த ஆள் வந்தாயிற்று. "வாங்க அண்ணி! உக்காருங்க. ஒரு நிமிஷத்துல போடறேன். என் வீட்டுல எப்ப வந்தாலும் இருக்கும்" என்று பின்பக்கம் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மேசைமேல் டப்பாக்களை வரிசையாக இறக்கினாள்.

முதல் மூடியைத் திறந்தாள். சோறு நூல் விட்டிருந்தது. சட்டென்று மூடினாள். அடுத்தது கீரை, புளித்த வாடை. மூன்றாவதில் உருளைக்கிழங்கின் மேல் வெள்ளைப் பூ. ஓரகத்தி ஓடிவந்து ஒன்றைத் திறக்க, அது இன்னும் மோசம். நேற்று வைத்ததும் எங்கோ உள்ளேதான் இருந்தது. எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நிரம்பி வழிந்த ஃப்ரிட்ஜின் முன்னால் நின்ற அந்த வீட்டாரால் வந்தவளுக்கு ஒரு கவளம் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

பின்வாசலில் நின்ற மீட்டரம்மா உள்ளே வந்தாள். "பெரியம்மா, பசிக்குதா?"

"ஏய்!" என்றாள் மாமியார்.

கிழவி பிரம்பைச் சுவரில் சாய்த்தாள். "பசிக்குதான்னா... வர்ற வழியில பன்னு ஒண்ணு தின்னேன். ஒரு முட்டை கிடைச்சாப் போதும். கிடைக்குமா?"

"கிடைக்கும். கொஞ்சம் நேரமாகும், உக்காந்திருங்க."

"உக்காரத்தான வந்தேன்."

கிழவி எழுந்து அவள் பின்னாலேயே துவைக்கும் மேடைக்குப் போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள். முட்டை வெந்தது. மாமியார் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னைக்கு ஏதோ... எப்பவும் இப்படி இருக்காது. நீங்க அன்னைக்குச் சொன்னதுலருந்து ஒரு நாள்கூட நான் சட்டியக் காலியா விட்டதில்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல. நீங்க வந்தப்ப சாப்பாடு தீந்துபோச்சு. எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே. சட்டிய வழிச்சு வெச்சிருக்கா, இவ கையில இந்தக் குடும்பம் எப்படி விளங்கும்னு."

கிழவி முட்டையை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "நானா?"

"நீங்கதான்."

"எனக்கு ஞாபகமே இல்லையேடி. வேற ஏதாவது கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதையா இவ்வளவு காலமா தலையில வெச்சுட்டிருக்க?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் அடைந்தவள் முகமாக அது இல்லை. "மறந்துட்டீங்களா? நான் அதுக்காக அள்ளி அள்ளிப் பொங்கியிருக்கேன். என் பிள்ளைங்க, மருமகளுங்க... நீங்க மறந்துட்டீங்களா!"

"கத்தாத. நானும் ஒண்ணு சொல்லட்டுமா? உன் வீட்டுக்கு வரணும்னாலே எனக்குப் பயம். கேக்காமக் கொட்டுவ. வேண்டாம்னா கோவிச்சுக்குவ. ஒருவாட்டி இங்க தின்னுட்டுப் போயி பஸ்ஸுல வாந்தி எடுத்தேன், கண்டக்டர் இறக்கி விட்டுட்டான். அதுக்கப்புறம்தான் நான் வர்றதைக் கொறைச்சுக்கிட்டேன்."

மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. மாமியாரின் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்து, ஒரு தம்ளர் தண்ணீரை அவள் கையில் கொடுத்தாள். "உக்காந்து குடிங்க அத்தை. விழுந்துடாதீங்க. மறுபடி ஆஸ்பத்திரிக்கெல்லாம் என்னால முடியாது."

மாமியார் உட்கார்ந்து குடித்தாள். அப்போதுதான் ஓரகத்தி வாயைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது, ஆனால் நிற்கவில்லை.

"அத்தை, நானும் சொல்லிடறேன். இவ மட்டும் இல்ல, நானும்தான் கொட்டுறேன். வாரா வாரம். திருட்டுத்தனமா. எனக்கு வெக்கமா இருக்கு, இனிமே முடியாது. அப்புறம், குழந்தைய நான்தான் பாத்துக்குவேன். அடுத்த மாசமும். நீங்க வேண்டாம்னாலும்."

"நீயுமா?" என்றாள் மாமியார்.

"நானும்தான்."

கிழவி தட்டைக் காட்டினாள். "முட்டை நல்லாயிருந்துச்சு. இன்னொண்ணு கேட்டா இருக்குமா?"

"கேட்டீங்கள்ல? இருக்கும்" என்று மீட்டரம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று மாலை மூன்று பெண்களுமாக ஃப்ரிட்ஜைக் காலி செய்தார்கள். மாமியார் ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்து பார்த்தாள், தேவையே இல்லாமல். நேற்றுச் சமைத்தது கடைசியில் அகப்பட்டது. அதை மட்டும் சூடு பண்ணினார்கள். கழுவிய டப்பாக்களை ஓரகத்தி அடுக்கி அட்டைப் பெட்டியில் போட்டாள். ஒன்றை மட்டும் மாமியார் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மன்னிப்பு என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பும் உடனே உள்ளே போகவில்லை, மீட்டரம்மா கொண்டுபோகவுமில்லை. புது மாதம் பிறந்தது. காலையில் அவள் டார்ச்சைப் பையில் போட்டு, ஓரகத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, படி இறங்கினாள்.

"ஏய், மீட்டரு."

மாமியார் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன அத்தை?"

"ராத்திரிக்கு இங்க சாப்பிடுவியா, மாட்டியா? சொல்லிட்டுப் போ. அரிசி போடணும்."

மீட்டரம்மா திரும்பி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"சாப்பிடுவேன். ஆனா எவ்வளவுன்னு கேக்கலையே?"

"அதையும் வேற கேக்கணுமா? உனக்கு ரொம்பத்தான் திமிரு."

"ஆமா, திமிருதான். கேளுங்க."

பேருந்து முனை திரும்பும் ஒலி கேட்டது. மீட்டரம்மா அசையவில்லை, இந்தப் பேருந்து போனால் அடுத்தது வரும்.

"சரி. எவ்வளவு?" என்றாள் மாமியார்.